வந்தேன், வந்திருக்கிறேன்: ஓர் ஆங்கிலக் காலத்தின் வரலாறு

ஆங்கிலம் பயின்ற தமிழர் எவரையேனும் அணுகி, அம்மொழியில் உமக்கு மிகுந்த தொல்லை விளைத்த பகுதி யாது என்று வினவினால், பெரும்பாலோர் 'பிரசெண்ட் பெர்பெக்ட்' என்னும் காலத்தையே சுட்டுவர். 'ஐ ரோட்' என்றாலும் எழுதினேன் என்பதே பொருள். 'ஐ ஹேவ் ரிட்டன்' என்றாலும் எழுதியது எழுதியதுதானே. பின் இரண்டு எதற்கு? இவ்வாறு தன் மனத்துள் கேட்டுக்கொள்ளாத மாணவன் இல்லை. உபாத்தியாயர்களிற் பலர் இதற்கு விடை கூறாது வாய்பாட்டை ஒப்பிக்கச் சொன்னார்கள். மாணவனும் ஒப்பித்தான், பரீட்சையிலும் தேறினான். ஆனால் நாற்பது வயதில் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால், பேனா அந்த இடத்திற்கு வந்ததும் தயங்கி நின்றுவிடுகிறது.

இது பள்ளிக்கூடத்தோடு ஒழியும் சங்கடமன்று. ரப்பர்த் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளாகப் பால்மரம் வெட்டி, இன்னும் வேலையிலிருக்கும் தொழிலாளி ஒருவர், தம் குறையை நிர்வாகத்திற்கு ஆங்கிலத்தில் தெரிவிக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்காக எழுதுகிறவர் 'ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் தர்ட்டி இயர்ஸ்' என்று எழுதிவிட்டால், படிப்பவர் இவரை முன்னொரு காலத்தில் இங்கு முப்பதாண்டு உழைத்துப் பின் விலகிப் போனவர் என்றே கொள்வார். 'ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் தர்ட்டி இயர்ஸ்' என்றால்தான், அன்று தொடங்கிய உழைப்பு இன்றளவும் வந்து நிற்கிறது என்பது விளங்கும். முப்பதாண்டு வியர்வை பழங்கதையாவதும் இன்றைய உரிமையாவதும் 'ஹேவ்' என்னும் சிறு சொல்லைப் பொறுத்திருக்கிறது. இத்தகைய சொல்லைப் பொருள் அறியாது மனப்பாடம் செய்தால் போதும் என்று நாம் எண்ணலாமா? அது எங்கே பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, ஏன் நம்மவரை இடறுகிறது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

பழைய ஆங்கிலத்தின் நிலை

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வழங்கிய ஆங்கிலத்தை இன்றைய ஆங்கிலேயர் தனியே கற்றாலன்றிப் படிக்க இயலாது. அம்மொழியின் வினைச்சொற்களுக்கு இரண்டே கால வடிவங்கள் இருந்தன. ஒன்று இறந்தகாலம், மற்றொன்று நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொது. எழுதினேன் என்பதற்கும் எழுதியிருக்கிறேன் என்பதற்கும் அந்த ஒரே இறந்தகால வடிவம் போதுமானதாயிருந்தது. இதைக் கேட்டு வியப்படைய வேண்டியதில்லை. நம் தொல்காப்பியம் மூன்று காலங்களைக் கூறினும், நாம் இன்று நிகழ்காலத்திற்கு இடும் 'கின்று' என்னும் இடைநிலையைச் சங்கச் செய்யுட்களிற் காண்பது மிக அரிது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் செய்தபோது 'ஆநின்று', 'கின்று', 'கிறு' என்னும் மூன்றையும் நிகழ்கால இடைநிலைகளாக எண்ணி வைத்தார். ஆகவே, கால வடிவங்கள் எம்மொழியிலும் படைப்பு நாளில் வகுக்கப்பட்டு வந்தவை அல்ல. மக்கள் பேசப் பேச, தேவை தோன்றத் தோன்ற, கையிலிருந்த சொற்களைக் கொண்டு புதியன ஆக்கிக்கொண்டார்கள்.

ஆங்கிலேயர் கையிலிருந்த சொல் 'ஹேவ்' என்பது. அதற்கு உடைமை என்று பொருள். 'எனக்கு நிலம் உண்டு' என்று நாம் சொல்வதை அவர்கள் 'நான் நிலத்தை உடையேன்' என்னும் முறையிற் சொல்வார்கள். நிலம் உழப்பட்டுக் கிடந்தால், 'நான் நிலத்தை உழப்பட்டதாக உடையேன்' என்பார்கள். இங்கே 'உழப்பட்ட' என்பது நிலத்திற்கு அடைமொழி. அதனாலேயே பழைய ஆங்கிலத்தில் அச்சொல் சிலவிடங்களில் நிலத்தைக் குறிக்கும் பெயரோடு ஒத்த வேற்றுமை உருபை ஏற்றும் வந்தது. யார் உழுதார் என்பதை அவ்வாக்கியம் சொல்லவில்லை. உழுத நிலம் இப்போது என் வசம் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லிற்று.

ஆனால் உழுத நிலத்தை உடையவன் பெரும்பாலும் உழுதவனாகவே இருந்தான். ஆகவே கேட்பவர்கள் 'நானே உழுது முடித்து வைத்திருக்கிறேன்' என்று பொருள் கொண்டார்கள். நாளடைவில் அந்தப் பொருளே நிலைத்தது. அடைமொழியாயிருந்த சொல் 'ஹேவ்' என்பதன் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. நிலம் வாக்கியத்தின் இறுதிக்குச் சென்றது. பின்னர் உடைமைக்கு இடமே இல்லாத தூங்குதல், வாழ்தல் போன்ற வினைகளோடும் 'ஹேவ்' சேர்ந்தபோது, அது தன் பழைய பொருளை இழந்து துணைவினையாயிற்று என்பது உறுதியாயிற்று.

பழைய அடைமொழி நிலையின் தடத்தை இன்றும் காணலாம். 'ஐ ஹேவ் கட் மை ஹேர்' என்றால் என் முடியை நானே வெட்டியிருக்கிறேன் என்பது பொருள். 'ஐ ஹேவ் மை ஹேர் கட்' என்று வரிசையை மாற்றினால், பிறரைக் கொண்டு வெட்டுவித்துக்கொள்கிறேன் என்றாகிவிடும். சொற்கள் அவையே; இடம் மாறியதும் பொருள் மாறிற்று.

போதல், வருதல், ஆதல் போன்ற வினைகளின் கதை வேறு. அவற்றிற்கு ஆங்கிலேயர் நெடுங்காலம் 'ஹேவ்' இடவில்லை. நம்மைப்போல் இருத்தல் வினையையே இட்டனர். 'அவன் வந்திருக்கிறான்' என்பதை 'ஹீ இஸ் கம்' என்றனர். 1611ல் வெளிவந்த ஆங்கில பைபிளில் இவ்வழக்கு நிரம்ப உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் 'ஹேவ்' ஏறக்குறைய எல்லா வினைகளையும் தன் ஆட்சிக்குட் கொண்டுவந்துவிட்டது. 'ஹீ இஸ் கான்' என்பது போன்ற சில தொடர்கள் மாத்திரம் பழைய வீட்டின் இடிந்த சுவர்போல் இன்னும் நிற்கின்றன.

அண்டை மொழிகளும் ஆங்கிலமும்

இவ்வளர்ச்சி ஆங்கிலத்திற்கு மாத்திரம் உரியதன்று. இலத்தீன் மொழியின் பேச்சு வழக்கிலும் உடைமைச் சொல்லோடு இறந்தகால அடைமொழி சேர்ந்தது. அதிலிருந்தே பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம் ஆகியவற்றின் வடிவங்கள் பிறந்தன. ஜெர்மானிய மொழியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. எனினும் பின்னர் வழிகள் பிரிந்தன. பிரெஞ்சுப் பேச்சிலும், ஜெர்மானியப் பேச்சின் பெரும்பகுதியிலும் இப்புதிய வடிவம் பழைய இறந்தகாலத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்தது. ஆகையால் 'நேற்று வந்தேன்' என்பதை ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் துணைவினையோடு, 'நேற்று வந்திருக்கிறேன்' என்னும் அமைப்பிலேயே கூறுவார்கள். அங்கே அது பிழையன்று.

ஆங்கிலமோ இரண்டையும் வைத்துக்கொண்டது. ஒரே வீட்டில் இருவர் வாழ்ந்தால் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமல்லவா? அப்பங்கீடு ஒரே நாளில் நடந்ததன்று. பதினேழாம் நூற்றாண்டு வரையிலான ஆங்கில எழுத்துக்களில், நேற்று என்பது போன்ற சொற்களோடு 'ஹேவ்' வருவதை அங்கங்கே காணலாம். பின்னரே, கழிந்துபோன காலத்தை வெளிப்படையாகக் கூறினால் 'ஹேவ்' வரலாகாது என்னும் கட்டுப்பாடு உறுதிப்பட்டது. 'ஐ ஹேவ் கம் யெஸ்டர்டே' என்று எழுதியதற்காக நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் வகுப்பில் நகைப்புக்கு ஆளாயினர். அப்பிள்ளை செய்த குற்றம், முன்னொரு நாள் ஆங்கிலேயரே எழுதியதையும், ஜெர்மானியர் இன்றும் பேசுவதையும் ஒத்ததேயன்றி, அறிவீனமன்று.

இலக்கண ஆசிரியர்களின் திணறல்

ஆங்கிலேயர் தம் மொழிக்கு இலக்கணம் எழுதத் தலைப்பட்டபோது அவர்கள் கண்முன் நின்றது இலத்தீன். 1586ல் வில்லியம் புல்லோக்கர் எழுதியதே ஆங்கிலத்தின் முதல் இலக்கண நூல் என்பர். அதுவும் இலத்தீன் இலக்கணத்தின் அச்சில் வார்க்கப்பட்டதே. 1653ல் ஜான் வாலிஸ் எழுதிய ஆங்கில இலக்கணமோ இலத்தீன் மொழியிலேயே எழுதப்பட்டது! இலத்தீனில் எழுதினேன், எழுதியிருக்கிறேன் ஆகிய இரண்டிற்கும் ஒரே வடிவம். இரண்டு படிகள் உள்ள பாத்திரத்தை ஒரு படி மட்டும் அளக்கும் மரக்காலால் அளந்தாற்போல, அவ்வச்சு ஆங்கிலத்திற்குப் பொருந்தவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் நூல்கள் பெருகின. பிராணவாயு ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி 1761ல் ஓர் இலக்கணம் வெளியிட்டு, மக்கள் வழக்கே மொழிக்கு அளவுகோல் என்று வாதித்தார். மறு ஆண்டில், பின்னர் லண்டன் பிஷப்பாக விளங்கிய ராபர்ட் லௌத் தம் நூலை வெளியிட்டு, புகழ்பெற்ற ஆசிரியர்களிடத்தும் பிழைகளை எடுத்துக்காட்டினார். 1795ல் லிண்ட்லி மரே என்பவர், யார்க் நகரத்துப் பெண்பள்ளி ஒன்றின் உபயோகத்திற்காக இயற்றிய இலக்கணம் எண்ணற்ற பதிப்புகளைக் கண்டது. இம்மரே அமெரிக்காவிற் பிறந்த வழக்கறிஞர்.

இக்காலத்தைப் பற்றி மரே காட்டும் உதாரணம் சிந்திக்கத்தக்கது. புரோகிதர்கள் எக்காலத்தும் பேரதிகாரம் கோரி வந்திருக்கிறார்கள் என்று 'ஹேவ்' சேர்த்துச் சொல்லலாம். ஏனெனில் புரோகித வகுப்பு இன்னும் உலகில் இருக்கிறது. ஆனால் பண்டைப் பிரிட்டனிலிருந்த துரூயிட் என்னும் புரோகிதரைப் பற்றி அவ்வாறு சொல்லலாகாது. அக்கூட்டம் அற்றுப்போனமையால் வெறும் இறந்தகாலமே தகும். சிசரோவின் சொற்பொழிவுகள் இன்றும் கிடைப்பதால் அவற்றை இயற்றியிருக்கிறார் எனலாம். அவர் கவிதைகள் அழிந்துபட்டமையால் அவற்றிற்கு அது பொருந்தாது. இதுவே மரே கூறியதன் கருத்து. இன்றைய அறிஞர் இவ்விதியை இத்துணை இறுக்கமாகக் கொள்வதில்லை. எனினும் அதனுள் ஓர் உண்மை இருக்கிறது: இன்றோடு உயிர்த்தொடர்பு உள்ளதற்கே இக்காலம் உரியது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வுண்மையைத் தெளிவாக விளக்கியவர்களில் இருவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் என்பது நமக்கு ஊக்கமளிக்கும் செய்தி. டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ எஸ்பெர்சன் என்பவர், 'பெர்பெக்ட்' என்பது இறந்தகாலத்தின் கிளையன்று, முன்நடந்ததன் பயனைத் தாங்கி நிற்கும் நிகழ்காலமே என்று 1924ல் வெளியிட்ட நூலில் கூறினார். ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் பேராசிரியராயிருந்த ஹான்ஸ் ரைக்கன்பாக் என்னும் தத்துவ அறிஞர் 1947ல் மூன்று புள்ளிகளைக் கொண்டு இதை விளக்கினார். செயல் நடந்த நேரம் ஒன்று. பேசும் நேரம் ஒன்று. பேசுகிறவன் எந்த நேரத்தில் நின்று செயலை நோக்குகிறான் என்பது மூன்றாவது. 'ஐ ரோட்' என்பவன் தன் மனத்தால் அந்த நாளுக்கே போய் நின்று பேசுகிறான். 'ஐ ஹேவ் ரிட்டன்' என்பவன் இன்றைய வாசற்படியில் நின்றுகொண்டே திரும்பிப் பார்க்கிறான். செயல் இரண்டிலும் ஒன்றே. நிற்கும் இடந்தான் வேறு.

தமிழர் இடறும் இடங்கள்

இனி நம்மிடம் வருவோம். தமிழரிடம் இக்கருத்து இல்லையா? நன்றாக இருக்கிறது. வந்தேன், வந்திருக்கிறேன் என்னும் வேறுபாட்டை லயத்தில் விளையாடும் சிறு குழந்தையும் அறியும். நாம் இருத்தல் வினையைத் துணைகொண்டோம். ஆங்கிலேயர் உடைமை வினையைத் துணைகொண்டனர். ஆனால் எல்லைகள் ஒன்றல்ல. இடறல் அவ்வெல்லைகளிலேதான் நேர்கிறது.

காலையில் கதவைத் திறந்து நனைந்த தரையைக் கண்டதும், 'நேற்றிரவு மழை பெய்திருக்கிறது' என்கிறோம். அது குற்றமற்ற தமிழ். நாம் நேரிற் காணாததை அடையாளங்கொண்டு அறிந்தோம் என்பதை அந்த 'இருக்கிறது' காட்டுகிறது. ஆங்கில 'ஹேவ்' தனித்து நின்று இவ்வேலையைச் செய்யாது. அங்கே 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்று வேறொரு சொல்லைக் கூட்ட வேண்டும்.

'நான் பத்து வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்' என்று நிகழ்காலத்திற் சொல்கிறோம். வேலை இன்னும் நடக்கிறதல்லவா? ஆகவே 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலம் தொடக்கத்தையும் இன்றையும் சேர்த்துப் பிடிப்பதால் 'ஐ ஹேவ் வொர்க்ட்', அல்லது 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று கேட்கும். மேலும் 'சின்ஸ்' என்பது தொடங்கிய புள்ளிக்கும், 'ஃபார்' என்பது கால அளவிற்கும் உரியவை. 'சின்ஸ் 2015', 'ஃபார் டென் இயர்ஸ்' என்றே வரும்.

நம் நாட்டின் சூழலும் இதில் கலந்திருக்கிறது. நாம் 'சாப்பிட்டாயிற்றா?' என்கிறோம், மலாய்க்காரர் 'சுடா மாக்கான்?' என்கிறார். முடிந்துவிட்டது என்பதை ஒரே சொல்லில் அடக்கும் வழக்கம் இங்குள்ள பல மொழிகளுக்கும் உண்டு. அதன் விளைவாக, மலேசிய, சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில் வினையின் பின் 'ஆல்ரெடி' என்று சேர்த்து முடித்துவிடுகிறார்கள். கடைத்தெருவிலும் காப்பிக்கடையிலும் அது செல்லும். யாருக்கும் பொருள் விளங்காமற் போவதில்லை. ஆனால் விண்ணப்பத்திலும் ஒப்பந்தத்திலும் அது செல்லாது. எங்கே எது செல்லும் என்று அறிவதே கல்வி.

அமைக்கும் முறை

வரலாற்றை அறிந்தவனுக்கு வாய்பாடு தானே விளங்கும். ஆங்கில வினைக்கு மூன்று வடிவங்கள் கற்பிக்கிறார்களே, ரைட், ரோட், ரிட்டன் என்று; மூன்றாவது எதற்கு? அது நாம் முன்னே கண்ட பழைய அடைமொழி. உடைந்த பானையை 'எ ப்ரோக்கன் பாட்' என்பதும் அவ்வடிவத்தாலேயே. ஆகவே 'ஹேவ்' என்பதன் பின் 'ரோட்' வராது, 'ரிட்டன்' வரும்; 'வெண்ட்' வராது, 'கான்' வரும்; 'ஸா' வராது, 'ஸீன்' வரும். அவன், அவள், அது என்னும் ஒருமைக்கு 'ஹேஸ்', ஏனையோர்க்கெல்லாம் 'ஹேவ்'. எதிர்மறைக்கு அதன் பின்னே 'நாட்' சேர்க்க வேண்டும். வினாவிற்கு அதனை வாக்கியத்தின் முன்னே கொணர வேண்டும்.

எப்பொழுது வழங்குவது? நான்கு சமயங்களை நினைவில் வைத்தால் பெரும்பாலும் போதும். அன்று தொடங்கி இன்றும் தொடர்வது ஒன்று. முடிந்த செயலின் பயன் இன்னும் நிற்பது இரண்டு. 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்றால் சாவி இன்னும் அகப்படவில்லை என்பது குறிப்பு. எப்போது என்று கூறாமல் வாழ்நாளின் அனுபவத்தைக் கூறுவது மூன்று. 'ஐ ஹேவ் ஸீன் பினாங்' என்பது போல. இன்னும் முடியாத இந்த வாரம், இந்த ஆண்டு ஆகியவற்றினுள் நடந்தது நான்கு. கழிந்த நேரத்தை வாய்திறந்து சொன்ன மாத்திரத்தில் 'ஹேவ்' விலகிவிடும். ஆங்கிலேயர் உரையாடலைக் கவனித்தால் இது புலப்படும். 'உன் தம்பி வந்திருக்கிறானா?' என்று 'ஹேவ்' குடும்பத்தாற் கேட்பார். 'ஆம்' என்றதும், 'எப்போது வந்தான்?' என்று இறந்தகாலத்திற்கு மாறிவிடுவார். இதிலும் நாட்டுக்கு நாடு சிறு வேற்றுமை உண்டு. பிரிட்டிஷார் 'ஹேவ்' இடும் சிலவிடங்களில், 'ஜஸ்ட்', 'யெட்' போன்ற சொற்களோடு அமெரிக்கர் வெறும் இறந்தகாலத்தையே வழங்குவர்.

நாம் வேண்டுவது

1816ல் பினாங்கில் ஃபிரீ ஸ்கூல் தோன்றியது. 1823ல் சிங்கப்பூரில் ராபிள்ஸ் ஒரு கல்விக்கழகத்திற்கு அடிகோலினார். இவ்வாறு நகரங்களில் ஆங்கிலப் பள்ளிகள் எழுந்தன. தோட்டத்துப் பிள்ளைக்கோ, 1923ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்தின் வழியே, தோட்ட நிர்வாகம் நடத்திய சிறு தமிழ்ப் பள்ளிக்கூடமே வாய்த்தது. அங்கே பலவிடங்களில் ஒரே ஆசிரியர், ஆங்கிலம் எட்டாக்கனி. ஆங்கிலம் அறிந்தவர் கிராணியாராகி மேசைமுன் அமர்ந்தார். அறியாதவர் விண்ணப்பத்தைக் கையிலேந்தி வெளியே நின்றார். 'ஹேவ்' எங்கே வரும் என்று அறிந்தவரும் அறியாதவரும் இரண்டு சாதிபோல் ஆயினர். அக்காலம் மறைந்தது, தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின, பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் தமிழும் பயில்கின்றனர். ஆனால் ஆங்கிலத்திற் பிழைவிட்டவனைக் கண்டு நகைக்கும் வழக்கமும், நகைப்புக்கு அஞ்சி வாய்மூடும் வழக்கமும் நம்மைவிட்டு முற்றும் நீங்கவில்லை.

இவ்வரலாறு அவ்விரு வழக்கங்களுக்கும் மருந்தாகும் என்று நாம் நம்புகிறோம். இவ்விதி விண்ணிலிருந்து இறங்கியதன்று. உழவன் தன் நிலத்தைப் பற்றிச் சொன்ன சொல் உருமாறி உண்டானது. பலநூறு ஆண்டு தடுமாறி நிலைபெற்றது. அதனைக் காக்கப் புகுந்த பண்டிதர்களே அதில் திணறினார்கள். ஆகையால் தவறு செய்யும் தமிழ்ப் பிள்ளை வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் விதிக்கு வேலையே இல்லை என்று அலட்சியம் செய்வதும் தகாது. முப்பதாண்டு உழைத்து இன்னும் உழைக்கின்ற ஒருவரின் வாக்கியம் சரியாக அமையவேண்டும்; அவர் உழைப்பு கழிந்துபோனதாக எவரும் படித்துவிடலாகாது.

பெற்றோர்களே, உபாத்தியாயர்களே! இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளை வாய்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தால், சற்று நிறுத்துங்கள். 'வந்தேன் என்பதற்கும் வந்திருக்கிறேன் என்பதற்கும் என்ன வேற்றுமை?' என்று முதலில் தமிழிற் கேளுங்கள். பிள்ளை யோசித்து விடை சொல்லும். அவ்விடையிலிருந்து ஆங்கிலத்தைத் தொடங்குங்கள்.